ஒரே ஓட்டில் தோற்ற கோழி

லாஸ்ட் மேர் என்றால் தொலைந்துபோன பெண்குதிரை. நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவனுடைய குதிரை அந்தப் பக்கத்தில் தொலைந்ததாம், ஊருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். குதிரையை இன்றுவரை யாரும் தேடவில்லை. தேடலாம் என்று ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால்தானே தேட முடியும்? நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் அந்த ஊரின் பள்ளி வாரியத்தோடு ஒரு தடவையாவது மல்லுக்கு நின்றவர்களுக்கு இது புரியும்.

லவோன் ரைசிக் அதுவரை நின்றதில்லை. ப்ளம் ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. புருஷன் டுவேன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. லவோனுக்கு ஊர் முதியோர் இல்லத்தில் விடிவதற்கு முன்பே தொடங்குகிற வேலை. மகள் கோராவுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டு எமில் கிழவர் காலையில் வந்து துணைக்கு உட்கார்ந்திருப்பார். கண் பார்வை மங்கிப்போய் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதால் அவரால் உட்கார்ந்திருக்கத்தான் முடியும். பள்ளிக்கூட பஸ் வாசல் கேட் வரைக்கும் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் பிழைப்பு இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆகஸ்டில், வாரியத்தின் கையில் இருக்கும் பள்ளி மாவட்டம் புதிதாக ஒரு பெரிய பஸ் வாங்கியது. ஓடைப் பாலத்தில், இத்தனை டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று துருப்பிடித்த பலகை ஒன்று உண்டு. அதைப் போல இரண்டு மடங்கு கனத்தோடு, சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு ஏற்றிப் போகும் லாரிகள் அறுவடையிலிருந்து குளிர்காலம் முடியும் வரை ராப்பகலாக அந்தப் பாலத்தில்தான் ஓடுகின்றன. பாலமும் வாயைத் திறந்ததில்லை, லாரிக்காரர்களும் பலகையை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதை முதன்முதலாகப் படித்தது பள்ளி வாரியம்தான். படித்த கையோடு, பஸ் இனிமேல் பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடும் என்று தீர்மானம் போட்டார்கள். கோரா அந்த லாரி ரோட்டு ஓரமாக ஒன்றரை மைல் நடந்து, பாலத்தைத் தாண்டி வந்து ஏறிக்கொள்ள வேண்டியது.

அக்டோபரில் ஒரு காலை, ஒரு பீட் லாரி போன வேகத்தில் எழும்பிய காற்று பிள்ளையைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டது. உடம்பெல்லாம் சேறோடு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். லாரியிலிருந்து விழுந்த ஒரு பீட்டைக் கையில் பிடித்திருந்தாள், அடையாளத்துக்கு என்று டீச்சரிடம் சொன்னாளாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். லவோனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில், முதியவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டே, பிள்ளை இப்போது பாலத்தைத் தாண்டியிருப்பாளா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

இத்தனைக்கும் பள்ளி ஷெட்டில் பழைய குட்டி பஸ் ஒன்று சும்மா நின்றது. எடை குறைவு, பாலத்தில் தாராளமாகப் போகும். சும்மா நின்றது என்று சொன்னது தப்பு, அதற்குள் கோழி இருந்தது. லாஸ்ட் மேர் கால்பந்து அணிக்குப் பேர் போர்க்கோழிகள். ஆட்டத்தின்போது ஒருவன் கோழி வேஷம் கட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் குதிப்பான். அந்த வேஷத்தின் தலை பள்ளியில் இருக்கிற எந்த அலமாரியிலும் நுழையவில்லை. ஆகவே கோழியைக் குட்டி பஸ்ஸில் வைத்துப் பாதுகாப்பது என்று மூன்று வருஷம் முன்னால் வாரியம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

குட்டி பஸ்ஸை அனுப்புங்கள் என்று கேட்டால் அனுப்பிவிடுவார்கள், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள் லவோன். அதுதான் அவள் செய்த பிழை.

வாரியம் மாதம் ஒருமுறை பள்ளி நூலகத்தில் கூடும். அங்கே இருந்த நாற்காலிகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானவை. ஐந்து பெரிய மனிதர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க அவற்றில் உட்கார்ந்து மாவட்டத்தின் எதிர்காலத்தைப் பேசுவார்கள். பெரிய நாற்காலி வாங்குவது பற்றிய யோசனை ஒரு துணைக்குழுவில் இருக்கிறது. துணைக்குழு கூடுவதற்கு இடம் கிடைக்கவில்லை.

தலைவர் டெல்மர் க்ராஸ். அந்தப் பக்கத்து பீட் லாரிகளில் முக்கால்வாசி அவருடையவை. பழைய விளையாட்டரங்கின் தரையைப் பெயர்த்தபோது கிடைத்த மரத்தில் ஒரு சுத்தியல் செய்து வைத்திருந்தார். தும்முவதற்கு முன்னாலும் பின்னாலும் அதை மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார், தும்மல் ஒழுங்குமுறைப்படி நடந்ததாக இருக்க வேண்டும் அல்லவா. அவருக்கு இந்தப் பக்கம் உரக்கடை ராய், அந்தப் பக்கம் வங்கியில் வேலை செய்யும் மேர்லிஸ். இன்னொருவர் முழங்கால் வலிக்கு அரிசோனா வெயில் நல்லது என்று கிளம்பிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஆல்வீனா போக் என்ற எழுபது தாண்டிய அம்மாள், மடியில் மஞ்சள் கம்பளி நூலைப் போட்டுப் பின்னிக்கொண்டே இருப்பார், தலை நிமிர மாட்டார். பேச்சில் எங்கேயாவது இடைவெளி விழுந்தால் போதும், "வழிமொழிகிறேன்" என்பார். காது கேட்காது என்று ஊரில் பேச்சு. ஒருமுறை டெல்மர், ரூமில் கொஞ்சம் புழுக்கமா இருக்கு என்று சொல்ல, ஆல்வீனா வழிமொழிந்து, அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறி, புழுக்கம் அதிகாரபூர்வமாக நிறைவேறியது.

லவோன் எழுந்து பஸ் என்று ஆரம்பித்ததுமே சுத்தியல் விழுந்தது. பொதுமக்களுக்கு மூன்று நிமிஷம் உண்டு, ஆனால் அஜெண்டாவில் இருப்பதைப் பற்றித்தான் பேசலாம் என்றார் டெல்மர். அன்றைய அஜெண்டா, மைதானத்து ஸ்கோர்போர்டுக்கு எந்த மஞ்சள் பூசுவது என்பது. சரி, பஸ்ஸை அஜெண்டாவில் சேருங்கள் என்றாள். உறுப்பினர் யாராவது முன்மொழிய வேண்டும் என்றார். நீங்களே முன்மொழியுங்கள் என்றாள். தலைவர் முன்மொழியக் கூடாது என்றார். லவோன் மற்றவர்களைப் பார்த்தாள். ராயும் மேர்லிஸும் கூரையைப் பார்த்தார்கள்.

"வழிமொழிகிறேன்" என்றார் ஆல்வீனா.

"எதையும் யாரும் முன்மொழியல ஆல்வீனா" என்று டெல்மர் பொறுமையாகச் சொன்னார். பிறகு லவோனிடம் திரும்பி, "உனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கும்மா. மஞ்சளப் பத்தி ஏதாவது சொல்றியா?" என்று கேட்டார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் அவளைத் தனியாகப் பிடித்தார். டாக்டர் ஹாலிங் கனெக்டிகட்டிலிருந்து இரண்டு வருஷம் முன்னால் வந்தவர். மாவட்டத்தின் மொத்த நிர்வாகமும் அவர்தான். அவர் வாயில் சாதாரணப் பேச்சே வராது, எதைச் சொன்னாலும் மேடையில் நின்று சொல்வது போலத்தான் இருக்கும்.

"திருமதி ரைசிக், நடப்பது இழப்பு அல்ல, வாய்ப்பு. தங்கள் மகள் தினந்தோறும் பெறுவது, செலவில்லாத உடற்கல்வி. இதையே என்னுடைய ஆண்டறிக்கையில் புதிய திட்டம் என்று குறிப்பிட்டுள்ளேன். பங்கேற்பு நூறு சதவீதம்."

"ஒரே ஒரு பிள்ளதான சார் நடக்குது?"

"ஆம். அந்த ஒரு பிள்ளையும் பங்கேற்கிறாள்" என்றார் அவர்.

லவோன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காருக்குள் தனியாகக் கத்திக்கொண்டே போனாள். அவள் கத்தியது அச்சில் ஏற்றத் தகுந்ததல்ல.

நவம்பரில் தேர்தல் வந்தது. அரிசோனாவுக்குப் போனவரின் இடம் காலி. நிற்கிறேன் என்று ஒருவரும் மனு கொடுக்கவில்லை. அப்படியானால் ஓட்டுச்சீட்டில் வெற்றுக் கோடு ஒன்று போட்டுவிடுவார்கள், வேண்டிய பெயரை நாமே எழுதிக்கொள்ளலாம். லவோன் மறைப்புக்குள் நின்று அந்தக் கோட்டைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவளை எதையாவது சொல்லச் சொல்லிக் கேட்டது அந்தக் கோடு ஒன்றுதான். பேனாவை எடுத்து, அழுத்தி எழுதினாள்: லவோன் ரைசிக் வீட்டுக்கு பஸ் அனுப்புங்க.

டுவேன் அன்றைக்கு அதிசயமாக ஊரில் இருந்தான். அவனையும் அப்படியே எழுத வைத்தாள். எமில் கிழவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள், அவரும் தடவித் தடவி எழுதினார். மூன்று மனுவாகப் போய்ச் சேரட்டும், எண்ணுகிறவர்களாவது படிப்பார்களே என்பது அவள் கணக்கு.

படித்தார்கள். வாக்காளரின் உள்ளக்கிடக்கையை அறிய வேண்டும் என்பது சட்டம். மூன்று சீட்டுகளில் லவோன் ரைசிக் என்ற பெயர் தெளிவாக இருக்கிறது, அதற்குப் பின்னால் வருவது முகவரியாக இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் கோட்டை வெறுமையாக விட்டிருந்தார்கள். போர்க்கோழிக்கு இரண்டு ஓட்டு விழுந்திருந்தது. யாராவது என்பவருக்கு ஒன்று. கோழி மாவட்டத்துக்குள் குடியிருக்கிறதா, பதினெட்டு வயது நிரம்பியதா என்று தேர்தல் அலுவலகத்தில் ஒரு மத்தியானம் முழுக்க விவாதம் நடந்தது என்கிறார்கள். குட்டி பஸ்ஸில் நிரந்தர வாசம், அது தீர்மானமாகவே இருக்கிறது என்பதால் குடியிருப்பு விஷயத்தில் கோழி தேறிவிட்டது. வயதில் சிக்கல். நல்லவேளையாக அது தோற்றுவிட்டது.

ஆக, லவோன் ரைசிக் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஒரு கோழியைத் தோற்கடித்துப் பள்ளி வாரிய உறுப்பினர் ஆனாள். செய்தி வந்தபோது முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் காலைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரியில் பதவியேற்பு. கைதூக்கி உறுதிமொழி எடுத்ததும், உறுப்பினர் என்னவெல்லாம் செய்யக் கூடாது என்று டாக்டர் ஹாலிங் அவளுக்கு இரண்டு மாலை பயிற்சி கொடுத்தார். என்ன செய்யலாம் என்று அவள் கேட்டதற்கு, அது அடுத்த ஆண்டுப் பயிற்சியில் வரும் என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோரா காலையில் டார்ச் விளக்கோடு நடந்துகொண்டிருந்தாள்.

முதல் கூட்டத்தில் டெல்மர் ஒரு வரவேற்புரை ஆற்றினார். "இந்த நாற்காலில நான் உக்காந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இத்தன வருஷத்துல நாங்க அவசரப்பட்டு ஒரு முடிவு எடுத்தது கிடையாது. ஆற அமர யோசிச்சும் எடுத்தது கிடையாது. அதனாலதான் இந்த வாரியத்தோட முடிவு தப்பாப் போச்சுன்னு ஒருத்தன் விரல் நீட்ட முடியாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆல்வீனா வழிமொழிந்தார்.

விளையாட்டரங்கத்துக் கூரையைப் பழுதுபார்க்கும் வேலை டெல்மரின் மருமகனுக்கு ஏகமனதாகப் போனது. லவோன் ஓட்டுப் போடவில்லை, அவள் இன்னும் எந்தப் பக்கம் கை தூக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, குட்டி பஸ்ஸைத் தன் வீட்டு கேட் வரை அனுப்ப வேண்டும் என்று முன்மொழிந்தாள். அறையில் ஒரு பெரிய மௌனம் விழுந்தது.

"வழிமொழிகிறேன்" என்றார் ஆல்வீனா.

டெல்மரின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஆயிரம் தடவை எரிச்சலோடு கேட்ட அந்த வார்த்தை இந்தத் தடவை நிஜமாகவே ஒரு தீர்மானத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் சுத்தியலைத் தடவிக்கொடுத்தார். யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"லவோன், தப்பா எடுத்துக்காத. நடக்கறது உன் மகதானே? அப்ப இதுல உனக்கு ஆதாயம் இருக்கு. ஆதாயம் இருக்கறவங்க ஓட்டுப் போடக் கூடாது, ரூம்லயே இருக்கக் கூடாது. கொஞ்சம் வெளிய போய் நில்லும்மா."

"உங்க மருமகனுக்கு இப்பதான கூரை வேல குடுத்தீங்க?"

"மருமகன் வேற குடும்பம்."

லவோன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். "சரி, போறேன். ஆனா எம் பிள்ளயப் பள்ளத்துல தள்ளினது உங்க லாரி. ரோட்டுல பிள்ள நடந்தா உங்க டிரைவர் வேகத்தக் குறைக்கணும், நடக்கலன்னா குறைக்க வேணாம். உங்களுக்கும் ஆதாயம் இருக்கு. வாங்க வெளிய."

டெல்மர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒழுங்குமுறை என்று வந்துவிட்டால் அவர் தன்னையே விட்டுக்கொடுக்க மாட்டார். போகிற போக்கில், பஸ் டிரைவர் ரோலி உனக்கு மச்சான்தானே என்று ராயைப் பார்த்துக் கேட்டார். ராய் எழுந்தார். ரோலியின் பெண்டாட்டி மேர்லிஸுக்குச் சித்தி மகள் என்பதை ராய் நினைவுபடுத்தினார். மேர்லிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அந்த மாவட்டத்தில் யாருக்கு யார் உறவில்லை? உள்ளே ஆல்வீனாவும் கண்காணிப்பாளரும் மட்டும் மிஞ்சினார்கள். ஆல்வீனா ஒரு வரிசையைப் பின்னி முடித்து அடுத்த வரிசைக்குப் போகிறபோது நிமிர்ந்து வெறும் நாற்காலிகளைப் பார்த்து, வழிமொழிகிறேன் என்றாராம். கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லாததால் தீர்மானம் இறந்தது என்று டாக்டர் ஹாலிங் எழுதிக்கொண்டார்.

வெளியே கோப்பைகள் வைத்திருந்த கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நான்கு பேரும் நின்றார்கள். ராய் குரலைத் தாழ்த்தி, நான் உள்ள இருந்திருந்தா பஸ்ஸுக்குத்தான் கை தூக்கியிருப்பேன் என்றார். நானும்தான் என்றாள் மேர்லிஸ். லவோன் வாயைத் திறப்பதற்குள் டெல்மர் பதறிவிட்டார். உறுப்பினர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் நின்று பள்ளி விஷயம் பேசினால் அது கூட்டம், முன்னறிவிப்பு கொடுக்காத கூட்டம் சட்டவிரோதம் என்றார். அதனால் நான்கு பேரும் நான்கு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். உள்ளே கூப்பிட வேண்டியவரும் வெளியேதான் நின்றார்.

கடைசியில் இன்று உருவானது நல்ல முன்னுதாரணம் என்று டெல்மர் அறிவித்தார். இனிமேல் ஆதாயம் உள்ளவர் எவரானாலும் வெளியே. எல்லோருடைய காதிலும் விழும்படி இரண்டு தடவை சொன்னார், குறிப்பில் ஏற்றவும் சொன்னார். லவோன் அன்று காருக்குள் கத்தவில்லை, அழுதாள். வெளியே இருந்து கேட்டபோது பேசவிடவில்லை, உள்ளே வந்து கேட்டால் வெளியே அனுப்புகிறார்கள். பிள்ளை நாளைக்கும் அந்த ரோட்டில்தான் நடக்கப்போகிறாள்.

இந்த நிலைமையில்தான் டாக்டர் ஹாலிங் தன் வாழ்க்கையிலேயே பெரிய தவறைச் செய்தார். பாவம், கனெக்டிகட்காரர், அவருக்குத் தெரியாது.

லாஸ்ட் மேர் பள்ளியில் குளிர்கால வியாழக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு, பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டுக் காரமாகக் கொதிக்கவைத்த சில்லி. கூடவே மேலே சர்க்கரைப் பாகு ஊற்றிய பட்டை ரொட்டி. பட்டைத்தூளும் வெண்ணெயும் தடவிச் சுருட்டிய இனிப்பு ரொட்டியைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். காரத்தையும் இனிப்பையும் ஒரே தட்டில் வைப்பது என்ன நாகரிகம் என்று கண்காணிப்பாளர் இரண்டு வருஷம் முகம் சுளித்தார். பிப்ரவரியில் நலவாழ்வுக் கொள்கை என்று ஒன்றை அச்சடித்து, பட்டை ரொட்டியை எடுத்துவிட்டு, கோதுமைத் தவிட்டு பிஸ்கட் இரண்டை வைத்தார்.

பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊர் கொந்தளித்தது. சர்ச்சில் போதகர் வேதவசனத்தை விட்டுவிட்டு ரொட்டியைப் பற்றிப் பேசினார். பள்ளியை விட்டு நாற்பது வருஷம் ஆனவர்கள் போன் போட்டு டெல்மரைத் திட்டினார்கள். முதியோர் இல்லத்தில், மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசாத ஒரு பெரியவர் தெளிவாக, ரொட்டி எங்கடா என்று கேட்டதை லவோன் தன் காதால் கேட்டாள். ஒன்றரை மைல் நடக்கிற பிள்ளைக்காக ஒரு நாய் குரைக்கவில்லையே என்று அவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் ஒரு யோசனை வந்தது.

நூலகம் கொள்ளாது என்று அந்த மாதக் கூட்டத்தை விளையாட்டரங்கத்தில் வைத்தார்கள். பிக்கப் வண்டிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. எமில் கிழவரும் கோராவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். டாக்டர் ஹாலிங் எழுந்து, ரொட்டியை இழப்பது இழப்பு அல்ல, வாய்ப்பு என்று ஆரம்பித்தார். யாரோ ஒருவர் தவிட்டு பிஸ்கட்டை எறிந்தார். அது கண்காணிப்பாளரின் நெற்றியில் பட்டுத் தரையில் விழுந்து, உடையாமல் உருண்டது. நலவாழ்வுக் கொள்கை என்ன என்பது எல்லோருக்கும் அப்போது விளங்கியது.

டெல்மர் நிலவரத்தைப் புரிந்துகொண்டார். பட்டை ரொட்டியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ராய் முன்மொழிய, ஆல்வீனா வழிமொழிய, அரங்கமே எழுந்து ஆரவாரித்தது. ஓட்டெடுப்புக்குச் சுத்தியலை ஓங்கினார் டெல்மர்.

"ஒரு நிமிஷம்" என்றாள் லவோன். "நம்மள்ல பட்டை ரொட்டி சாப்பிடறவங்க யார் யாரு?"

"ஏம்மா, எல்லாருந்தான் சாப்பிடறோம்."

"அப்ப எல்லாருக்கும் ஆதாயம் இருக்கு. போன மாசம் நீங்க சொன்னதுதான், ரெண்டு தடவ சொன்னீங்க. வாங்க, வெளிய போய் நிப்போம்."

அவள் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தே விட்டாள். டெல்மர் சிரித்து மழுப்பப் பார்த்தார். குறிப்பில் இருக்கிறதா என்று மேர்லிஸ் கேட்க, டாக்டர் ஹாலிங் நெற்றியைத் தடவிக்கொண்டே, இருக்கிறது என்று வாசித்தும் காட்டினார். அவருக்கு அன்று அதில் ஒரு தனிச் சந்தோஷம். சர்க்கரை வியாதியால் ரொட்டி தொடாதவர் ஆல்வீனா ஒருவர்தான், அவர் ஒருவரால் தீர்மானம் நிறைவேறாது. ரொட்டி செத்தது என்று விஷயம் பின்வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அரங்கத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டு மருமகன் போட்ட கூரை ஓரிடத்தில் ஒழுக ஆரம்பித்தது.

டெல்மர் ஒழுங்குமுறைக்காகப் பிறந்தவர்தான், ஆனால் அடுத்த தேர்தலில் அவரும் நிற்க வேண்டுமே. எழுந்து கைகளை உயர்த்தி, குரல் தழுதழுக்க ஓர் உரை நிகழ்த்தினார்.

"நம்ம ஊரு சின்ன ஊரு. இங்க யாருக்குத்தான் எதுல ஆதாயம் இல்ல? கூரைல எனக்கு இருக்கு, உரத்துல ராய்க்கு இருக்கு, வட்டில மேர்லிஸுக்கு இருக்கு. ஆதாயம் இல்லாதவன இந்த நாற்காலில உக்கார வைக்கணும்னா எவன் வருவான்? நானே வந்திருக்க மாட்டேன். ஆதாயம் இருக்கறவங்க ஓட்டுப் போடலாம்னு இப்பவே மாத்திடுவோம்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அவர் என்ன சொன்னார் என்பதை அவர் உட்பட யாரும் கவனிக்கவில்லை. விதி ஏகமனதாக மாறியது. லவோன் வாசலிலிருந்து திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ராய் தீர்மானத்துல ஒரு சின்னத் திருத்தம்" என்றாள். "பட்டை ரொட்டி திரும்பி வரணும். கூடவே குட்டி பஸ் எங்க வீட்டு கேட் வரைக்கும் வரணும். ரெண்டும் ஒரே தீர்மானம். பிரிச்சு ஓட்டுப் போட முடியாது."

பேச்சில் இடைவெளி விழுவதற்கு ஆல்வீனா காத்திருக்கக்கூட இல்லை. "வழிமொழிகிறேன்" என்றார்.

ரொட்டி நடுவழியில் நிற்பதைப் பார்த்த ஜனம், ஓட்டுப் போடுய்யா என்று கால்களால் தரையை உதைத்தது. அந்த வாரியத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக டெல்மர் க்ராஸ் ஒரு முடிவை அவசரப்பட்டு எடுத்தார். ஐந்து கைகளும் உயர்ந்தன. முன் வரிசையில் எமில் கிழவர், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கோராவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ் வருதாம் என்றாள் அவள். ரொட்டி என்று கேட்டார். அதுவும்தான் என்றாள்.

அடுத்த வாரம் லவோன் ஷிப்டை மாற்றிக்கொண்டு, யூனிஃபார்மோடு கேட்டில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் இருட்டுதான். பாலத்துக்கு மேல் இரண்டு விளக்கு தெரிந்தது. குட்டி பஸ் தடதடவென்று வந்து நின்றது, ரோலி கதவைத் திறந்தான். கோரா படியில் காலை வைக்கப் போனாள்.

"இரு கண்ணு, இரு" என்றான் ரோலி. அவன் முகம் வாடியிருந்தது. "லவோன், கோவிச்சுக்காத. பஸ்ஸ கேட் வரைக்கும் கொண்டாறணும்னுதான் தீர்மானம். கொண்டாந்துட்டேன். பிள்ளய ஏத்தறதப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லையாம். கண்காணிப்பாளர் நேத்தே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. அடுத்த கூட்டம் வரைக்கும் சும்மா வந்து சும்மா போகச் சொல்றாரு."

லவோன் அவனைப் பார்த்தாள். குளிரில் பிள்ளையின் மூக்கு சிவந்திருந்தது. பிறகு கூட்டத்தில் உட்காருவது போல நிமிர்ந்து நின்றாள்.

"கோராவ ஏத்தணும்னு முன்மொழியறேன்" என்றாள், இருட்டைப் பார்த்து.

பஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வழிமொழிகிறேன்."

லவோன் எட்டிப் பார்த்தாள். கடைசி சீட்டில், மஞ்சள் மஃப்ளர் சுற்றிய கோழியின் பெரிய தலை. அதற்குப் பக்கத்தில் ஆல்வீனா போக், மடியில் மஞ்சள் நூலோடு. அந்தக் கோழி வேஷத்தை வருஷங்களுக்கு முன்னால் தைத்ததே அந்த அம்மாள்தான் என்பதும், இத்தனை கூட்டங்களிலும் பின்னிக்கொண்டிருந்தது அதற்கு ஒரு மஃப்ளர் என்பதும் லவோனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ் மறுபடி ஓடப்போகிறது, கோழியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று பார்க்க வந்திருந்தார்.

"ரெண்டு பேர் போதுமா?" என்று ரோலியைக் கேட்டாள் லவோன்.

"எனக்குப் போதும்" என்றான் ரோலி.

"பேசினது போதும், ஏறச் சொல்லு" என்றார் ஆல்வீனா. "கதவத் திறந்து வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்? நான் என்ன செவிடா, இங்கேருந்தே எல்லாம் கேக்குது. குளுருது."

கோரா ஏறினாள். கோழியைப் பார்த்ததும் நின்று, இது யாரும்மா என்று திரும்பிக் கேட்டாள்.

"எங்கூட தேர்தல்ல நின்னவங்க" என்றாள் லவோன். "ஒரே ஓட்டுல தோத்துட்டாங்க. பக்கத்துல மரியாதையா உக்காரு."

கதவு மூடியது. லவோன் கேட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்விளக்கு எரிந்த பின் கண்ணாடியில் மஃப்ளர் சுற்றிய கோழித் தலை ஆடிக்கொண்டே போனது, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கை ஆடியது. தூரத்தில் எதிரே வந்த ஒரு பீட் லாரி பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று, குட்டி பஸ்ஸுக்கு வழிவிட்டது.